சஹாரா கடந்த இப்னு பதூதா

மொராக்கோவில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா, 1325-இல் ஹஜ் பயணமாகப் புறப்பட்டார். டில்லியில் காஜியாகப் பணிபுரிந்தார். பின்னர் நம் தமிழகக் கரைக்கும் வந்து மதுரை சுல்தானைக் கண்டார்.

1352-இல் சிஜில்மாசாவிலிருந்து வணிகர்களுடன் சஹாராவில் இறங்கினார். 25 நாட்களில் தகாஸாவை அடைந்தார். எண்ணூர் உப்பளங்களை அறிந்த நமக்கும் வியப்பூட்டும் ஊர் அது. அங்கு உப்புப் பாளங்களே சுவர், ஒட்டகத் தோலே கூரை.

அப்பால் நீரற்ற பெரும்பாலை. ஒரு தூதர் தனியே முன்சென்று வலாத்தா நகரில் செய்தி சேர்ப்பித்தால்தான் அங்குள்ளோர் தண்ணீருடன் எதிர்கொண்டு வருவர். அவர் வழியில் மடிந்தால் கூட்டமே மடிய நேரும். அவருக்குக் கூலி 100 மிஸ்கால் பொன். வழிகாட்டிக்கோ ஒரு கண் பார்வையில்லை, மறுகண்ணில் நோய். ஆயினும் பாதையை அவரினும் நன்கறிந்தவர் எவருமிலர். ஏழாம் இரவில், எதிர்கொள்ள வந்தோர் மூட்டிய நெருப்பு தெரிந்தது.

1355-இல் நிறைவுற்ற அவரது ‘ரிஹ்லா’ நூல், பெயரறியா அத்தகைய உழைப்பாளிகளையும் இன்றுவரை நினைவில் நிறுத்துகிறது.