ஊட்டியில் தெரிந்த காந்தக் கவசத்தின் விரிசல்: ஹோமி பாபா தொடங்கிவைத்த தேடல்

2015 ஜூன் 22. ஊட்டி ராஜ்பவன் பகுதியில் உள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், மியூவான் என்ற நுண்துகள்களின் எண்ணிக்கை திடீரென எகிறியது. சுமார் 2 மணி நேரத்தில் அடங்கியும்விட்டது. அந்த நேரத்தில் பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாக பலவீனமடைந்திருந்தது என்று 2016ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

ஆய்வகத்தை நடத்துவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.). அதை நிறுவிய ஹோமி பாபா இறந்து அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. அணுசக்தி என்றதும் நினைவுக்கு வரும் பெயர் அவருடையது. ஆனால், அவர் பேர் வாங்கியதே காஸ்மிக் கதிர் ஆய்வில்தான்.

இரும்பாலைக்குப் போக வேண்டியவர்

1909 அக்டோபர் 30ல் பம்பாயில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தார் பாபா. கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படித்து, ஜாம்ஷெட்பூர் டாடா இரும்பாலையில் சேர வேண்டும் என்பது வீட்டாரின் திட்டம். அவருக்கோ மனசெல்லாம் இயற்பியல். முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் படிக்கலாம் என்றார் அப்பா. 1930ல் சொன்னபடி தேறினார், இயற்பியல் பக்கம் போய்விட்டார்.

விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்று மண்டலத்தில் மோதி எப்படி மழைபோல் பெருகுகின்றன என்பதை 1937ல் ஹைட்லருடன் சேர்ந்து விளக்கினார். அந்தத் துகள் மழையில் பிறப்பவைதான் மியூவான்கள். ஒரு நொடியில் 10 லட்சத்தில் 2 பங்குதான் ஆயுள். அப்படின்னா தரைக்கு எப்படி வந்து சேர்கின்றன? ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் வரும்போது ஐன்ஸ்டீனின் சார்பியல்படி அவற்றின் ஆயுள் நீள வேண்டும் என்று 1938ல் சுட்டிக்காட்டினார் பாபா.

லீவுக்கு வந்தார், தங்கிவிட்டார்

1939ல் லீவுக்கு இந்தியா வந்த நேரத்தில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. திரும்பிப் போக முடியவில்லை. சி.வி.ராமன் இருந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார்.

இங்கே ஒரு வசதி அவருக்குக் கிடைத்தது. காஸ்மிக் கதிர்கள் பெரும்பாலும் மின்னூட்டம் கொண்டவை. பூமியின் காந்தப்புலம் அவற்றை வளைத்துத் திருப்பிவிடும். துருவப் பகுதிகளில் தடுப்பு குறைவு. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் மிக அதிகம். தென்னிந்தியா அந்தக் கோட்டுக்கு அருகில் இருக்கிறது. போர்க்காலத்திலேயே அமெரிக்க விமானப்படை விமானத்தில் கருவிகளை ஏற்றி, பெங்களூரு வானில் அளவெடுத்தது பாபாவின் குழு. முடிவுகள் 1945ல் வெளியாயின.

அதே ஆண்டு டி.ஐ.எஃப்.ஆர். பிறந்தது. வெளிநாட்டில் நல்ல வேலை தேடிப் போகாமல், இங்கேயே உலகத் தரத்தில் ஒரு நிறுவனம் கட்டுவது என்று முடிவெடுத்தார் பாபா.

ஏன் ஊட்டி?

மலை உயர உயர, துகள்களைத் தடுக்கும் காற்று குறையும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம், கூடவே காந்த நடுக்கோட்டின் பக்கம். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்தது நீலகிரியில். 1950களில் டி.ஐ.எஃப்.ஆர். குழு இங்கே ஆய்வைத் தொடங்கியது. பின்னர் கோவிந்த் ஸ்வரூப் திட்டமிட்ட ஊட்டி ரேடியோ தொலைநோக்கிக்கும் பாபா துணை நின்றார். அது முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. 1966 ஜனவரி 24ல், வியன்னா போகும் வழியில் ஏர் இந்தியா விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதியது. விமானத்தில் இருந்த 117 பேரும் இறந்தனர். பாபாவுக்கு வயது 56.

அந்த 2 மணி நேரம்

2015ல் சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய பிளாஸ்மா மேகம், மணிக்கு சுமார் 25 லட்சம் கி.மீ. வேகத்தில் பூமியைத் தாக்கியது. பூமியின் ஆரத்தைப்போல் 11 மடங்கு தூரத்தில் இருந்த கவசத்தின் எல்லை 4 மடங்குக்கு அமுங்கியது. வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் காஸ்மிக் கதிர்களில் சில உள்ளே நுழைந்தன. அவை உண்டாக்கிய கூடுதல் மியூவான்களைத்தான் ஊட்டியின் கிரேப்ஸ்-3 தொலைநோக்கி எண்ணியது.

துருவங்கள் இடம் மாறுமா?

இதையும் துருவ மாற்றத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2015ல் நடந்தது வெளியிலிருந்து விழுந்த அடி. காந்தப்புலம் உருவாவதோ நம் காலுக்கு அடியில், சுமார் 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே, உருகிய இரும்பின் ஓட்டத்தால். அந்தப் புலம் கடந்த 200 ஆண்டுகளில் சராசரியாக சுமார் 9 சதவீதம் குறைந்திருக்கிறது. வடக்கும் தெற்கும் கடைசியாக இடம் மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அப்படி மாறி முடியவே பல நூறு முதல் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இப்போதைய சரிவு அதில்தான் போய் முடியும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புலம் பலவீனமானாலும் தரையில் இருப்பவர்களுக்குக் காற்று மண்டலம் என்ற இன்னொரு கவசம் இருக்கிறது. செயற்கைக்கோள்களுக்கும் மின்கட்டமைப்புக்கும்தான் சிக்கல் அதிகம்.

அதனால்தான் தொடர்ந்து கணக்கெடுப்பது முக்கியம். கிரேப்ஸ்-3 ஒரு நாளில் பதிவு செய்யும் மியூவான்கள் சுமார் 400 கோடி. எந்த நாளில் எண்ணிக்கை எகிறும் என்று முன்கூட்டித் தெரியாது. எல்லா நாளும் எண்ணிக்கொண்டிருந்தால்தான் அந்த ஒரு நாள் பிடிபடும்.