கோவில்பட்டியில் முடிந்த பயணம்: பச்சைத் துண்டுத் தலைவரை உறுப்பினர்கள் ஏன் சந்தேகப்பட்டார்கள்?

கோவில்பட்டின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடலை மிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி. கொஞ்சம் வாசிக்கிறவர் என்றால் கி.ரா.வையும் இடைசெவலையும் சொல்வீர்கள். இந்த ஊரின் பயணியர் விடுதியில் 1984 டிசம்பர் 21 அன்று ஒரு கோயமுத்தூர்க்காரர் மாரடைப்பால் இறந்துபோனார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விவசாயம் பார்த்தவர்கள் என்றால் அவர் பேரைச் சொல்லிப் பாருங்க, உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சி. நாராயணசாமி நாயுடு.

பொதுத்தேர்தல் ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள்தான் பாக்கி. ஓட்டு கேட்டு வந்த இடத்தில்தான் உயிர் போனது. அவர் வாழ்க்கையில் யோசிக்க வேண்டிய விஷயமே அந்த ஓட்டுதான். பத்து வருஷத்துக்கு மேல் கட்சி வேண்டாம், சங்கம் போதும் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்த மனிதர் எப்படி ஓட்டு கேட்க வந்தார்? அவருக்காகச் சிறைக்குப் போன உறுப்பினர்கள் அதை ஏன் ஏற்கவில்லை?

கோவைக்கு வடக்கே வையம்பாளையம் அவர் ஊர். 1925-ல் பிறந்தவர். கொங்கு நாட்டில் வாய்க்கால் பாசனம் கொஞ்சம், கிணறுதான் அதிகம். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு அந்தக் கிணறுகளில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. கமலை இறைத்த கை சுவிட்சைப் போட்டது. பருத்தியும் கரும்பும் பெருகின. கூடவே ஒரு புதுக் கவலையும் வந்து சேர்ந்தது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயி இப்போது மின்வாரியத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. யூனிட்டுக்கு ஒரு பைசா ஏறினால் வீட்டுக் கணக்கே மாறும்.

1970-ல் அரசு யூனிட்டுக்கு 8 பைசாவை 10 பைசா ஆக்கியது. நாயுடுவின் சங்கம் தெருவுக்கு வந்தது. ஜூன் 19 அன்று திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். கடைசியில் குறைந்தது ஒரு பைசா. மூன்று உயிருக்கு ஒரு பைசாவா என்று இன்று கேட்கத் தோன்றும். ஆனா அந்த ஒரு பைசாதான் சங்கத்துக்கு வேர் பிடிக்க வைத்தது. சேர்ந்து நின்றால் அரசு இறங்கி வரும் என்பதை முதல் தடவையாக அவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

1972-ல் மறுபடி உயர்வு, 12 பைசா. இந்தத் தடவை நாயுடு செய்த காரியம் தமிழ்நாடு மறக்காதது. ஆயிரக்கணக்கில் மாட்டு வண்டிகளை ஓட்டி வந்து கோவை நகரத்துத் தெருக்களை அடைத்துவிட்டார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை மட்டும் போட்டுவிட்டால் போலீஸ் என்ன செய்யும்? பாலும் காய்கறியும் நகரத்துக்குப் போகவில்லை. ஆட்களைக் கைது செய்வது போலீஸுக்குப் பழக்கப்பட்ட வேலை, வண்டிகளை என்ன செய்ய? ஜூலை 5 அன்று பல ஊர்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் இறந்தார்கள். இன்றும் அந்தத் தேதியைத்தான் உழவர் தியாகிகள் தினமாக விவசாயிகள் அனுசரிக்கிறார்கள். கட்டணத்தில் மறுபடி ஒரு பைசா குறைந்தது.

அடுத்த வருஷம் தமிழக விவசாயிகள் சங்கம் மாநில அளவில் உருவானது. நாயுடு தலைவர். தோளில் பச்சைத் துண்டு.

இப்போது கரிசலுக்கு வாங்க. மின்சாரக் கட்டணம் கரிசல்காரனுக்கு என்ன சம்பந்தம்னு கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அன்றைக்கும் அதைக் கேட்டவர்கள் உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மிளகாய், மல்லி. மழை பெய்தால் கால் புதைகிற மண், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிற மண். பம்புசெட் வைத்தவன் ஊருக்கு நாலு பேர் இருந்தால் பெரிசு. கோவைத் தோட்டக்காரரின் மோட்டார் பில்லுக்காக இவன் ஏன் ஜெயிலுக்குப் போக வேண்டும்?

அவனை இழுத்தது கடன். மழை பொய்த்த வருஷத்திலும் கூட்டுறவு சங்கக் கடனுக்குத் தவணை நிற்காது. கட்டாவிட்டால் ஜப்தி. வீட்டுக் கதவையும் அண்டாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதை ஊரே வேடிக்கை பார்க்கும். பணம் போனதைவிட அந்த மானக்கேடுதான் கரிசல் வீடுகளில் ஆறாத புண். நாயுடு அதைத்தான் பிடித்தார். விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலையை அரசு தரவில்லை, அப்படியானால் கடன்பட்டவர் யார், அரசா விவசாயியா? கேள்வியைத் திருப்பிப் போட்ட அந்த வாதம் படிக்காதவருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. ஊர் முகப்பில் போர்டுகள் முளைத்தன. கடன் வசூலுக்கு வரும் அதிகாரி அனுமதி இல்லாமல் ஊருக்குள் வரக் கூடாது. கடன்காரன் என்று தலை குனிந்து நடந்தவன் பச்சைத் துண்டோடு நிமிர்ந்து நடந்தான்.

அதற்கான விலையும் இங்கேயே கொடுக்கப்பட்டது. 1980 வாக்கில் நெல்லைச் சீமையில் குறிஞ்சாக்குளத்தில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். ஆட்சியில் தி.மு.க. இருந்தபோதும் குண்டு பாய்ந்தது, அ.தி.மு.க. வந்த பிறகும் பாய்ந்தது. அதே 1980-ல் ஐதராபாத்தில் கூடிய பல மாநில விவசாயத் தலைவர்கள் தங்கள் அகில இந்திய அமைப்புக்கு நாயுடுவைத் தலைவராக்கினார்கள். இந்தி தெரியாத ஒரு கோவை விவசாயிக்கு அது சின்ன மரியாதை இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. இந்தச் சங்கத்தின் பலமே அதற்குக் கட்சி இல்லாததுதான். கரிசல் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்சி உண்டு. அண்ணன் தி.மு.க., தம்பி எம்.ஜி.ஆர். ரசிகன், பெரியப்பா காங்கிரஸ். கோவில்பட்டி தொகுதியோ கம்யூனிஸ்டுகளின் சோ. அழகர்சாமியைத் திரும்பத் திரும்பச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி. இப்படிப் பிரிந்து கிடந்தவர்கள் சண்டை போடாமல் ஒன்றாக உட்காரக் கிடைத்த ஒரே திண்ணை விவசாயிகள் சங்கம். அங்கே வந்தால் ஓட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். தலைவருக்கும் நம்மிடம் எதுவும் தேவையில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஜெயிலுக்கும் போனார்கள்.

1982-ல் நாயுடு கட்சி ஆரம்பித்தார். இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சி.

அவர் பக்கத்து நியாயத்தை முதலில் பார்த்துவிடுவோம். பன்னிரண்டு வருஷப் போராட்டம். இரண்டு பெரிய கட்சிகளும் எதிர்க்கட்சியாக இருக்கும்போது தோளில் கை போடும், கோட்டைக்குப் போனதும் போலீஸை அனுப்பும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பைசா என்று எத்தனை காலம் பேரம் பேசுவது? சட்டம் எழுதுகிற இடத்தில் விவசாயி உட்கார்ந்தால் தெருவில் சாக வேண்டியதில்லை. இதில் பதவி ஆசை என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. அலுத்துப்போன மனுஷனின் கணக்கு அது. உழைப்பாளர் என்ற வார்த்தையைக் கட்சிப் பேரில் சேர்த்ததிலும் ஒரு பதில் இருந்தது. சங்கம் நிலமுள்ளவர்களுக்காக மட்டும் பேசுகிறது, அதே வயலில் கூலிக்குக் களை எடுக்கிறவரைப் பற்றி வாய் திறப்பதில்லை என்ற குற்றச்சாட்டு ரொம்ப நாளாக இருந்தது. அது பொய்க் குற்றச்சாட்டும் இல்லை. ஒரு வார்த்தை அதைச் சரிசெய்துவிடுமா என்ன?

உறுப்பினர்கள் பக்கத்திலிருந்து பாருங்க. நேற்று வரை ஓட்டு கேட்கிறவர்களை நம்பாதே என்றவர் இன்று ஓட்டு கேட்கிறார். சங்கத்துக்காகப் பட்ட அடி கட்சிக்கு மூலதனம் ஆகிறதா? தி.மு.க. அண்ணனும் இலைக்குப் போடும் தம்பியும் இனிமேல் ஒரே கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? நாயுடுவின் கை சுத்தம் என்பதில் பெரும்பாலானவர்களுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம், அவர் தங்களை எங்கே கூட்டிப் போகிறார் என்பதில்தான். சங்கம் சங்கமாகவே இருக்கட்டும் என்றவர்கள் தனியாக நின்றார்கள். இன்னும் பலர் சண்டையே போடவில்லை. பச்சைத் துண்டை மடித்து வைத்துவிட்டுத் தங்கள் பழைய கட்சிக்குத் திரும்பிப் போனார்கள். ஒரு தலைவருக்கு எதிரே நின்று கத்துகிறவனைவிட இப்படி ஓசையில்லாமல் போகிறவன்தான் ஆபத்து. அவனைச் சமாதானப்படுத்த வாய்ப்பே கிடைக்காது.

கொஞ்சம் தூரமா ஒரு உதாரணம் சொல்றேன். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக வாதாடும் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் 1871-ல் தொடங்கியது. அந்த உரிமையை நீங்க ஏத்துக்கணும்னு இல்லை, உறுப்பினர்கள் செய்ததை மட்டும் பாருங்க. 1977-ல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் விடிய விடிய வாக்கெடுப்பு நடத்தித் தலைமையையே தூக்கிவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? தலைவர்கள் அரசியலை விட்டு விலகி, வேட்டை, குறிபார்த்துச் சுடுதல் என்று ஒதுங்கப் பார்த்தார்கள். அங்கே அரசியலுக்கு வராததால் நம்பிக்கை போனது, இங்கே வந்ததால் போனது. பிற்காலத்தில் அதே அமைப்பை 30 வருஷத்துக்கு மேல் நடத்திய வேய்ன் லாபியர் 2024 ஜனவரியில் விலகினார். சங்கப் பணத்தைத் தவறாகச் செலவழித்தார் என்று நியூயார்க் ஜூரி அடுத்த மாதமே தீர்ப்பு சொன்னது. நம்ம நாயுடு கதையில் அந்த மாதிரிப் பணக் கணக்கு எதுவும் இல்லை. பணக் குற்றம் என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். திசை மாறிவிட்டார் என்பதற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?

1984 கடைசி எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குத் தெரியும். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில். இரண்டு அனுதாப அலைக்கு நடுவே பருத்தி விலையைப் பற்றிப் பேசினால் யார் காதில் விழும்? 59 வயசு மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். மார்கழி. கரிசலில் பயிர் நிற்கிற நேரம், காட்டில் வேலையுள்ள நேரம். கோவில்பட்டியோடு அந்தப் பயணம் நின்றது. டிசம்பர் 24 அன்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள். கட்சி காலூன்றவே இல்லை.

ஆறு வருஷம் கழித்து 1990-ல் கருணாநிதி அரசு விவசாய பம்புசெட் எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கியது. ஒரு பைசாவுக்காகத் தொடங்கிய சண்டை பூஜ்யத்தில் வந்து நின்றது. அதைக் கொடுத்தது ஒரு பெரிய கட்சி. அப்போ கட்சி ஆரம்பித்தது தப்பு, அழுத்தம் கொடுக்கும் சங்கமே போதும் என்று சொன்ன உறுப்பினர்கள்தான் ஜெயித்தார்களா? பாதி ஆமாம். கட்டுப்படியான விலை என்ற இன்னொரு பாதி இன்னும் வரவில்லையே. கோவில்பட்டி சந்தையில் உளுந்து விலையைக் கேட்டுப் பாருங்க.

தமிழக அரசு வையம்பாளையத்தில் அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இன்று எத்தனை விவசாயிகள் சங்கம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ண முடியாது. பேரில் ஒரு சொல் முன்பின், அவ்வளவுதான் வித்தியாசம். டிசம்பர் 21 வந்தால் அவர்கள் எல்லாரும் பச்சைத் துண்டோடு, தனித்தனிக் கூட்டமாக வந்து அவருக்கு மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள்.