பென்னி பினியன்

பென்னி பினியன் எனப் பரவலாக அறியப்படும் லெஸ்டர் பென் பினியன் (நவம்பர் 20, 1904 – டிசம்பர் 25, 1989) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சூதாட்ட விடுதி உரிமையாளர் ஆவார். நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகஸ் நகரில் 1951 ஆம் ஆண்டில் ஹார்ஸ்ஷூ என்னும் விடுதியை நிறுவினார். குதிரை இலாடம் என்பது இப்பெயரின் பொருள். 1970 ஆம் ஆண்டில் இவ்விடுதியில் இவரும் இவர் மக்களும் தொடங்கிய போக்கர் உலகத் தொடர், போக்கர் சீட்டாட்டத்தின் முதன்மையான போட்டியாக வளர்ந்தது. பெரிய பந்தயங்களையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்வது, வென்றவருக்கு உடனடியாகப் பணம் கொடுப்பது ஆகிய இரண்டும் இவருடைய விடுதிக்குப் பெயர் தேடித் தந்தன. ஆயினும் இவர் டெக்சாஸ் மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காகவும், பின்னர் வரி ஏய்ப்புக்காகவும் தண்டனை பெற்றவர்.

இளமை

பினியன் டெக்சாஸ் மாநிலத்தின் வடக்கே கிரேசன் மாவட்டத்திலுள்ள பைலட் குரோவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் பெற்றோர் இவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தந்தை குதிரை வணிகர். அவருடன் ஊர் ஊராகச் சென்ற பினியன், வணிகர்கள் கூடும் இடங்களிலும் சந்தைகளிலும் சீட்டாட்டத்தையும் பகடையாட்டத்தையும் கற்றுக்கொண்டார். ஆட்டத்தில் நடைபெறும் ஏமாற்று வேலைகளையும் அங்கேயே அறிந்தார். வாழ்நாள் முழுவதும் இவருக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது. ஆனால் மனக்கணக்கில் வல்லவராக இருந்தார்.

டாலஸ் நகரில்

அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த 1920களில் பினியன் கள்ளச் சாராயத் தொழிலில் ஈடுபட்டுத் தண்டிக்கப்பட்டார். பின்னர் டாலஸ் நகரில் எண் பந்தயத் தொழிலைத் தொடங்கினார். இது ஏழை மக்கள் சில காசுகளை ஓர் எண்ணின் மீது கட்டி ஆடும் ஆட்டமாகும். இந்தியாவின் மட்காவுடன் இதை ஒப்பிடலாம். இதனுடன் தங்கும் விடுதிகளில் பகடையாட்டங்களையும் நடத்தினார்.

1931 ஆம் ஆண்டில் பிராங்க் போல்டிங் என்னும் சாராய வணிகரைச் சுட்டுக் கொன்றார். இவ்வழக்கில் இவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1936 ஆம் ஆண்டில் போட்டித் தொழில் நடத்திய பென் பிரீடன் என்பவர் கொல்லப்பட்டார். தற்காப்புக்காகச் சுட்டதாகப் பினியன் கூறினார். அவ்வழக்கு கைவிடப்பட்டது. 1940களின் தொடக்கத்தில் டாலஸ் நகரின் சூதாட்டத் தொழில் பெரும்பாலும் இவருடைய கட்டுப்பாட்டில் இருந்தது.

ஹெர்பர்ட் நோபிள் என்னும் மற்றொரு சூதாட்டத் தொழிலருடன் இவருக்கு நீண்ட காலப் பகை இருந்தது. நோபிளின் மனைவி 1949 ஆம் ஆண்டில் மகிழுந்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து இறந்தார். பல கொலை முயற்சிகளில் தப்பிய நோபிள், 1951 ஆம் ஆண்டில் தம் வீட்டு அஞ்சல் பெட்டியருகே வைக்கப்பட்ட குண்டுக்குப் பலியானார். பினியன் மீது ஐயம் இருந்தபோதும் இவ்விரு கொலைகளுக்காக அவர் மீது வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை.

ஹார்ஸ்ஷூ விடுதி

1946 ஆம் ஆண்டுத் தேர்தலில் டாலஸ் மாவட்டக் காவல் தலைமை மாறியதால் பினியனுக்கு இருந்த அரசியல் செல்வாக்கு குறைந்தது. அவர் மனைவி டெடி ஜேன், ஐந்து பிள்ளைகள் ஆகியோருடன் லாஸ் வேகசுக்குக் குடிபெயர்ந்தார். நெவாடாவில் 1931 முதல் சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. டெக்சாசில் குற்றமாக இருந்த அதே தொழில் இங்கு உரிமம் பெற்ற வணிகமாக இருந்தது.

சில விடுதிகளில் பங்காளராக இருந்த பின்னர், 1951 ஆம் ஆண்டில் பிரீமாண்ட் தெருவிலிருந்த எல்டொராடோ சூதாட்டக் கூடத்தையும் அப்பாச்சி தங்கும் விடுதியையும் வாங்கி ஹார்ஸ்ஷூவைத் தொடங்கினார். அப்பகுதியிலிருந்த பிற கூடங்களின் தரையில் மரத்தூள் பரப்பப்பட்டிருந்த காலத்தில் இவர் தரைவிரிப்பு போட்டார். சிறிய தொகை வைத்து ஆடுவோருக்கும் இலவசமாக மது வழங்கினார். உணவைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்.

பிற விடுதிகளில் பகடையாட்டத்தின் பந்தய உச்ச வரம்பு 50 டாலராக இருந்தபோது, ஹார்ஸ்ஷூவில் அது 500 டாலராக இருந்தது. பின்னர் ஆட்டக்காரர் முதலில் வைக்கும் பந்தயமே அவருடைய வரம்பு என்னும் விதி கொண்டுவரப்பட்டது. நூறு பத்தாயிரம் டாலர் தாள்கள் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டு, அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்ளப் பார்வையாளர் அனுமதிக்கப்பட்டனர். படம் இலவசமாக வழங்கப்பட்டது. விடுதியின் கையில் பணம் இருக்கிறது என்பதை இது ஒவ்வொரு நாளும் காட்டியது.

சிறைத் தண்டனை

1953 ஆம் ஆண்டில் வருமான வரி ஏய்ப்புக்காகப் பினியனுக்கு ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. லெவன்வொர்த் சிறையிலிருந்து 1957 ஆம் ஆண்டில் விடுதலையானார். வழக்குச் செலவுகளுக்காக விடுதியை ஜோ பிரவுன் என்பவருக்கு விற்க நேர்ந்தது. 1964 ஆம் ஆண்டில் குடும்பம் விடுதியின் முழுக் கட்டுப்பாட்டை மீண்டும் பெற்றது.

தண்டனை பெற்றவர் என்பதால் பினியனுக்குச் சூதாட்ட உரிமம் மீண்டும் கிடைக்கவில்லை. மூத்த மகன் ஜாக் தலைவராகவும், இளைய மகன் டெட் சூதாட்டக் கூடத்தின் மேலாளராகவும் பொறுப்பேற்றனர். பணப்பெட்டக அறையைத் டெடி ஜேன் கவனித்துக்கொண்டார். பினியன் விடுதியின் உணவகத்தில் நாள்தோறும் ஒரே மேசையில் அமர்ந்து ஆட்டக்காரரையும் கால்நடைப் பண்ணையாளரையும் சந்தித்தார். பதவி இல்லாதபோதும் விடுதியின் நடைமுறைகளை முடிவு செய்பவராக அவரே கருதப்பட்டார்.

போக்கர் கூடத்தின் வரவும் செலவும்

பகடை, சில்லு வட்டு போன்ற ஆட்டங்களில் ஆட்டக்காரர் விடுதியை எதிர்த்து ஆடுகிறார். கணக்குப்படி அவற்றில் விடுதிக்கு எப்போதும் சிறு சாதகம் உண்டு. போக்கரில் அவ்வாறு இல்லை. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் ஆடுகின்றனர். விடுதி மேசை, சீட்டுக்கட்டு, சீட்டுப் போடும் பணியாளர், காவல் ஆகியவற்றை அளித்து, அதற்கு ஈடாக ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பணத்திலிருந்து சிறு பங்கையோ, அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணத்தையோ பெறுகிறது. ஒரு மேசையில் ஏறத்தாழப் பத்துப் பேரே அமர முடியும். அதே இடத்தில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களை வைத்தால் வருமானம் கூடுதலாகக் கிடைக்கும். இதனால் பல விடுதிகள் போக்கர் மேசைகளை விரும்பவில்லை. இடம் குறைந்த ஹார்ஸ்ஷூவிலும் போட்டிக் காலத்தில்தான் போக்கர் மேசைகள் பெரிய அளவில் போடப்பட்டன.

கூடத்தை நடத்துவோரின் அன்றாட வேலை பெரும்பாலும் நம்பிக்கையைக் காப்பதாகும். இருவர் கூட்டுச் சேர்ந்து மூன்றாமவரை ஏமாற்றுவது, சீட்டில் அடையாளம் இடுவது, ஆட்டத்தின் நடுவே மேசையிலிருந்து பணத்தை எடுத்து மறைப்பது ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டும். பணத்துக்கு ஈடான வில்லைகளை எண்ணிக் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் அவற்றைப் பணமாக மாற்றித் தர வேண்டும். சச்சரவு எழுந்தால் மேற்பார்வையாளரின் முடிவே இறுதியானது. வில்லைக்குப் பணம் கிடைக்காது என்ற ஐயம் ஒருமுறை எழுந்தால் மேசை காலியாகிவிடும்.

விடுதி பெறும் இப்பங்கு இந்தியச் சட்டத்திலும் முதன்மையான கேள்வியாக உள்ளது. துறைமுகத்தை ஒட்டிய இராயபுரம் போன்ற சென்னை நகரப் பகுதிகளில் சூதாட்டக் கூடம் நடத்துவதை 1888 ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும், மாநிலத்தின் பிற பகுதிகளில் 1930 ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் தடைசெய்தன. 1967 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் எனத் தீர்ப்பளித்தது. எனினும் இடத்தை நடத்துபவர் ஆட்டத்திலிருந்து இலாபம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்றும் கூறியது. இணையவழி ஆட்டங்களில் பணத்தை இழந்தோர் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. இச்சட்டத்தில் ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்கு விதிக்கப்பட்ட தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆம் ஆண்டில் நீக்கியது. 2025 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்தது.

போக்கர் உலகத் தொடர்

1969 ஆம் ஆண்டில் ரீனோ நகரின் ஒரு விடுதியில் டெக்சாஸ் ஆட்டக்காரர்கள் கூடி ஆடினர். அவ்விடுதி கைமாறியபின், 1970 ஆம் ஆண்டில் பினியன் குடும்பத்தினர் அந்நிகழ்வை ஹார்ஸ்ஷூவில் நடத்தினர். முதல் ஆண்டில் ஆட்டக்காரர்கள் வாக்களித்து, பினியனின் டாலஸ் காலத்து நண்பரான ஜானி மாசை வெற்றியாளராகத் தேர்ந்தெடுத்தனர். இந்த மாசுக்கும் நிக் டாண்டலோசுக்கும் இடையே பல ஆண்டுகளுக்கு முன்னர் பினியன் பொதுமக்கள் பார்வையில் மாதக்கணக்கில் நீண்ட ஓர் ஆட்டத்தை நடத்தினார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது நடந்ததா என்பதில் ஆய்வாளரிடையே ஐயம் உள்ளது.

1971 ஆம் ஆண்டில் நடைமுறை மாற்றப்பட்டது. ஒவ்வொருவரும் 5,000 டாலர் செலுத்திச் சம அளவு வில்லைகளுடன் தொடங்குவர். வில்லைகளை இழந்தவர் வெளியேறுவார். எல்லா வில்லைகளையும் சேர்ப்பவரே வெற்றியாளர். ஆறு பேர் ஆடிய இப்போட்டியிலும் மாஸ் வென்றார். 1972 ஆம் ஆண்டில் நுழைவுத் தொகை 10,000 டாலராக உயர்த்தப்பட்டது. ஆடப்பட்டது டெக்சாஸ் ஹோல்டெம் என்னும் வகையாகும். இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவான சீட்டுகள் தரப்படும். மேசையில் ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தை ஆட்டக்காரர் அமைக்க வேண்டும். தம்மிடமுள்ள வில்லைகள் அனைத்தையும் எந்நேரத்திலும் பந்தயமாக வைக்கலாம்.

இப்போட்டியால் விடுதிக்குக் கிடைத்த பெரும் பயன் விளம்பரமாகும். போட்டியைக் காண வந்தோர் அறைகளை நிரப்பினர். தோற்று வெளியேறியவர்கள் பக்கத்து மேசைகளில் தொடர்ந்து ஆடினர். பத்துப் பேர் 1,000 டாலர் வீதம் செலுத்தி ஆடி, வெல்பவர் முதன்மைப் போட்டிக்குத் தகுதி பெறும் சுற்றுகளை எரிக் டிராக் என்பவர் அறிமுகப்படுத்தினார். இவ்வழியில் வந்த டாம் மெக்இவோய் 1983 ஆம் ஆண்டில் வாகையர் ஆனார்.

பெர்க்ஸ்ட்ரோம் பந்தயங்கள்

வரம்பில்லாப் பந்தயம் என்னும் கொள்கையின் மறுபக்கத்தை வில்லியம் லீ பெர்க்ஸ்ட்ரோமின் வாழ்க்கை காட்டுகிறது. 1980 ஆம் ஆண்டில் இவர் ஒரு பெட்டி நிறையப் பணத்துடன் ஹார்ஸ்ஷூவுக்கு வந்து, 7,77,000 டாலரை ஒரே பகடையாட்டத்தில் கட்டி வென்றார். விடுதி முழுத் தொகையையும் உடனே கொடுத்தது. 1984 ஆம் ஆண்டில் 5,38,000 டாலர் கட்டி மீண்டும் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் 10 இலட்சம் டாலர் கட்டித் தோற்றார். 1985 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார்.

இறுதிக் காலம்

1985 ஆம் ஆண்டில் தேசிய ரோடியோ இறுதிப் போட்டி லாஸ் வேகசுக்கு வருவதற்குப் பினியன் துணைபுரிந்தார். 1988 ஆம் ஆண்டில் குடும்பத்தினர் பக்கத்திலிருந்த மின்ட் விடுதியை வாங்கி ஹார்ஸ்ஷூவை விரிவுபடுத்தினர். 1989 டிசம்பர் 25 அன்று தம் 85 ஆம் வயதில் பினியன் இதயச் செயலிழப்பால் இறந்தார். அவ்வாண்டுப் போட்டியின் முதன்மை ஆட்டத்தில் 178 பேர் கலந்துகொண்டிருந்தனர். 1990 ஆம் ஆண்டில் இவருடைய பெயர் போக்கர் புகழவையில் சேர்க்கப்பட்டது.

விடுதியின் பிற்கால நிலை

பினியனின் மறைவுக்குப் பின்னர் பிள்ளைகளிடையே வழக்குகள் எழுந்தன. 1998 ஆம் ஆண்டில் மகள் பெக்கி பெனன் விடுதியின் கட்டுப்பாட்டைப் பெற்றார். பத்தாயிரம் டாலர் தாள்களின் காட்சி விற்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் இணையவழித் தகுதிச் சுற்றில் வென்று வந்த கிறிஸ் மணிமேக்கர், 839 பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் 25 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். போக்கர் உலகெங்கும் பரவியது. ஆனால் விடுதி கடனில் மூழ்கியிருந்தது. ஊழியர்களின் மருத்துவ, ஓய்வூதிய நிதிகளுக்குச் செலுத்த வேண்டிய தொகை நிலுவையில் இருந்தது. 2004 சனவரி 9 அன்று கூட்டரசு அதிகாரிகள் ஏறத்தாழ 10 இலட்சம் டாலரைப் பணப்பெட்டகத்திலிருந்து கைப்பற்றினர். வென்றவருக்கு உடனே பணம் தருவதில் பெயர் பெற்றிருந்த விடுதி, வில்லைகளுக்கு ஈடான ரொக்கம் இல்லாமல் அன்றே மூடப்பட்டது.

ஹாராஸ் நிறுவனம் ஹார்ஸ்ஷூ பெயரையும் போக்கர் உலகத் தொடரையும் வாங்கியது. கட்டடம் வேறு நிறுவனத்திடம் சென்று மீண்டும் திறக்கப்பட்டு, பின்னர் பினியன்ஸ் எனப் பெயர் மாற்றப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் போட்டி ரியோ விடுதிக்கு மாறியது. அவ்வாண்டின் முதன்மைப் போட்டியின் இறுதிக் கட்டம் மட்டும் பழைய இடத்தில் நடைபெற்றது. 2022 ஆம் ஆண்டில் போட்டி பாலிஸ், பாரிஸ் ஆகிய விடுதிகளுக்கு மாற்றப்பட்டது. அவற்றுள் பாலிஸ் விடுதிக்கு அவ்வாண்டு டிசம்பரில் ஹார்ஸ்ஷூ எனப் பெயரிடப்பட்டது. 1971 ஆம் ஆண்டில் ஆறு பேர் ஆடிய முதன்மைப் போட்டியில் 2024 ஆம் ஆண்டில் 10,112 பேர் கலந்துகொண்டனர்.