சொந்த ஊரில் தோற்ற காமராஜர்: ஓட்டு கை மாறுவது எப்படி?

1967 பிப்ரவரி. விருதுநகர் சட்டமன்றத் தொகுதியின் முடிவு வந்தபோது மெட்ராஸ் முதல் டெல்லி வரை யாராலும் நம்ப முடியவில்லை. ஒன்பதரை ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவர், நேருவுக்குப் பிறகு இரண்டு பிரதமர்களைத் தேர்வு செய்வதில் முன்னால் நின்றவர், பிறந்த மண்ணிலேயே தோத்துட்டார்.

வென்றவர் பெ.சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவர். அவருக்கு 33,421 ஓட்டு. காமராஜருக்கு 32,136. வித்தியாசம் வெறும் 1,285.

மதிய உணவு போட்டவரை, ஊர் ஊராகப் பள்ளி திறந்தவரை மக்கள் ஏன் கைவிட்டார்கள்? இந்தக் கேள்விக்கான பதில் அவரது வாழ்க்கையிலேயே இருக்கு.

சொந்த சமூகமே எதிர்ப்பக்கம்

1903 ஜூலை 15-ல் விருதுப்பட்டியில் பிறந்தவர் காமராஜர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. அங்கிருந்தபடியே காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார்.

அப்போது விருதுநகரில் காங்கிரஸ்காரராக இருப்பது லேசான விஷயம் கிடையாது. அவர் பிறந்த நாடார் சமூகத்தின் வசதியான பெரிய மனிதர்கள் பலர் நீதிக்கட்சி பக்கம் நின்றார்கள். காமராஜர் போன்ற இளைஞர்கள் அவர்களை எதிர்த்துத்தான் கட்சி வளர்க்க வேண்டியிருந்தது. பின்னாளில் அதே சமூகம் பெருவாரியாகக் காங்கிரஸ் பக்கம் வந்தது. ஓட்டு பிறப்போடு ஒட்டிக்கொண்டு வருவதல்ல என்பதை இளமையிலேயே நேரில் பார்த்தவர் அவர்.

எதிராளியும் ஆதரித்த 1954

1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார் காமராஜர். ஆனால் சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற பெயர் மட்டும் ஓட்டாக மாறிவிடவில்லை. 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே மெட்ராஸ் மாகாணத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. வாக்கு சதவீதம் 35 மட்டுமே. மற்றவர்களின் ஆதரவோடுதான் ராஜாஜி முதல்வரானார்.

ராஜாஜி கொண்டு வந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பலரும் எதிர்த்தார்கள். அவர் விலக, 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது. காங்கிரஸை ஒழிப்பதே வேலை என்றிருந்த பெரியார், காமராஜருக்கு ஆதரவு கொடுத்தார். குடியாத்தம் இடைத்தேர்தலில் தி.மு.க.வும் அவரை எதிர்க்கவில்லை. கட்சிக்குக் கிடைக்காத ஓட்டு, ஆளுக்குக் கிடைக்க ஆரம்பித்த இடம் இதுதான்.

உச்சியில் இருந்தபோதே ஒரு விரிசல்

பள்ளிகள், மதிய உணவு, அணைகள், கிராமத்துக்கு மின்சாரம். பலன் தேர்தலில் தெரிந்தது. 1957-ல் 205 இடங்களில் 151 காங்கிரஸுக்கு. வாக்கு 45 சதவீதம். 1962-ல் வாக்கு ஒரு புள்ளி கூடி 46 ஆனது. அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார்.

ஆனால் அதே 1962-ல் காங்கிரஸின் இடங்கள் 139 ஆகக் குறைந்தன. 1957-ல்தான் முதன்முறையாகத் தேர்தலில் நின்ற தி.மு.க., 27 சதவீத ஓட்டுடன் 50 இடங்களைப் பிடித்தது. ஓட்டு கூடியும் இடம் குறைந்த அந்தத் தேர்தல்தான் முதல் மணி.

1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காக முதல்வர் பதவியைத் தானாகவே விட்டார் காமராஜர். பக்தவத்சலம் முதல்வரானார். காமராஜர் அகில இந்தியத் தலைவராக டெல்லி போனார். உள்ளூரில் அவர் முகம் பார்த்து ஓட்டுப் போட்டவர்களுக்கு இப்போது வேறு முகம்.

21 வயது வாக்காளர்

அடுத்த நான்கு ஆண்டுகளில் இரண்டு அடிகள் விழுந்தன. ஒன்று, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இந்தியை அவசரமாகத் திணிக்கக் கூடாது என்ற பக்கமே காமராஜர் நின்றார். ஆனா மாநிலத்திலும் மத்தியிலும் ஆட்சி காங்கிரஸுடையது. கோபம் கட்சி மேல் விழுந்தது.

இன்னொன்று அரிசி. தட்டுப்பாடு, விலையேற்றம், கடை வாசலில் வரிசை. ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்று தி.மு.க. வாக்குறுதி தந்தது. வரிசையில் நின்ற குடும்பத்துக்கு அணைக்கட்டை விட அன்றைய உலைதான் பெரிசு.

அன்று ஓட்டுரிமைக்கான வயது 21. 1967-ல் முதல் ஓட்டுப் போட்டவர் 1946 வாக்கில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டம் அவருக்கு அப்பா சொன்ன கதை மட்டுமே. மதிய உணவு விரிவடையத் தொடங்கிய 1956-ல் அவருக்குப் பத்து வயது. காமராஜர் ஆட்சியில் படித்து வளர்ந்த அந்தத் தலைமுறையிலிருந்துதான் 1965-ன் மாணவர்கள் பலர் வந்தார்கள். பள்ளியைத் திறந்துவிட்டவரால், படித்தவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று தீர்மானிக்க முடியவில்லை.

41-க்கு 41

1967-ல் காங்கிரஸ் வாங்கிய ஓட்டு சுமார் 41 சதவீதம். தி.மு.க.வும் சுமார் 41. ஆனால் 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 137, காங்கிரஸுக்கு 51. எப்படி?

காங்கிரஸ் இழந்தது ஐந்து புள்ளிதான். அதன் வாக்காளர்களில் பெரும்பகுதி நகரவே இல்லை. ஆனால் ராஜாஜியின் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் எனப் பல கட்சிகளை தி.மு.க. ஒரே அணியில் சேர்த்தது. அதுவரை சிதறிக் கிடந்த எதிர் ஓட்டு ஒரே இடத்தில் விழுந்தது. வாக்குப்பதிவும் 71 சதவீதத்திலிருந்து 77-ஐ நெருங்கியது. கொஞ்சம் பேர் மாறினார்கள், கொஞ்சம் பேர் புதிதாக வந்தார்கள், மிச்சம் பேர் ஒன்று சேர்ந்தார்கள். ஆட்சி போச்சு.

நாகர்கோவில் தந்த பதில்

இரண்டே ஆண்டில், 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தல். மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி. இருந்தும் காமராஜர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அதே ஆண்டு காங்கிரஸ் உடைந்தது. இந்திரா காந்தி ஒரு பக்கம், காமராஜர் மறுபக்கம். 1971-ல் இந்திராவும் தி.மு.க.வும் கைகோத்து நின்றார்கள். தமிழ்நாட்டில் காமராஜரின் பழைய காங்கிரஸ் பிடித்த ஒரே மக்களவைத் தொகுதி அவருடைய நாகர்கோவில். ஆனால் சட்டமன்றத் தேர்தலில் 15 இடமே பெற்ற அந்தக் கட்சியின் வாக்கு சுமார் 35 சதவீதம். மூன்றில் ஒருவர் இன்னும் அவரை விடவில்லை.

1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் எம்.ஜி.ஆரின் புதிய அ.தி.மு.க. வென்றது. இரண்டாம் இடம் காமராஜர் கட்சிக்கு. ஆளும் தி.மு.க. மூன்றாவது.

அவருக்குப் பின்

1975 அக்டோபர் 2-ல் காமராஜர் மறைந்தார். அடுத்த ஆண்டே அவரது கட்சியினரில் பெரும்பாலானோர் மூப்பனார் தலைமையில் இந்திரா காங்கிரஸில் இணைந்தார்கள். மற்றவர்கள் ஜனதாவுக்குப் போனார்கள். 1977 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸுக்கு 17 சதவீதத்துக்குச் சற்று மேல், ஜனதாவுக்குச் சுமார் 17 சதவீதம். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அதே 35. ஆட்சியைப் பிடித்தது 30 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.

காங்கிரஸ் ஓட்டு 1967-ல் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்தும் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அதை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்த கைதான் இல்லாமல் போனது. 1967-க்குப் பிறகு காங்கிரஸைச் சேர்ந்த யாரும் இங்கே முதலமைச்சராகவில்லை.