கச்சேரிக்கும் ஆலயத்துக்கும் பாடிய முன்சீப்



திருவிழாக் கொடியேற்றத்துக்குப் பின் ஒலிபெருக்கியில் எதைப் போடுவது என்பதில் தொடங்கி, பிள்ளைகள் கைத்தொலைபேசியில் எதைக் கேட்கிறார்கள் என்பது வரை, வன்னிப் பங்குகளில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு: இறைவனைப் பாடாத பாடலைக் கிறிஸ்தவர் கேட்கலாமா? சினிமாப் பாடலுக்கு வீட்டில் முற்றாகத் தடைபோடும் பெற்றோர் உளர். கர்நாடக சங்கீதமே பிற சமயத்தாருக்குரியது என ஒதுக்குவோரும் உளர். இவ்வினாவோடு ஒரு கத்தோலிக்கரின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது நல்லது. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பாடசாலையில் நாம் படித்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையே அவர்.

1826ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மகனாகப் பிறந்தார். ஆங்கிலமும் தமிழும் கற்று, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பின்னர் முன்சீப் எனப்படும் நீதிபதியானார். பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றிய மாயூரம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று மயிலாடுதுறை என வழங்கும் ஊர் அது. தீர்ப்புகள் மக்களின் மொழியில் இருக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆங்கிலத்தில் இருந்த மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் நூலாகவும் வெளியிட்டார்.

சங்கீதத்திலும் அவருக்கு இதே ஏக்கம் இருந்தது. அக்காலக் கச்சேரிகளில் பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகளே ஒலித்தன. பொருள் விளங்காமலே மக்கள் தலையசைத்தனர். வேதநாயகம் அந்தச் சங்கீதத்தைப் பிற சமயத்தாருடையது என்று விலக்கவில்லை. அதே இராகங்களில், அதே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தமிழ்ப் பாடல்களை இயற்றினார். 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்ற நூலின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். எச்சமயத்தவரும் தயக்கமின்றிப் பாடத்தக்கவாறு அவற்றில் இறைவனைப் போற்றினார். ஆயினும் அவை துதிப்பாடல்கள் மட்டுமல்ல. அலைபாயும் மனத்துக்கு அறிவுரை உண்டு. குடும்ப வாழ்வு உண்டு. லஞ்சம் வாங்கும் அதிகாரிகளுக்குச் சாட்டையடியும் உண்டு. நீதிமன்றத்தில் அமர்ந்து மனிதரைக் கண்டவர் அல்லவா!

நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய நண்பர். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இக்கத்தோலிக்கரையே பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடினார். இவர்களோடு பழகியதால் வேதநாயகத்தின் விசுவாசம் தேய்ந்துவிடவில்லை. தேவமாதா அந்தாதியும் சத்தியவேதக் கீர்த்தனைகளும் அவர் படைத்தவையே. பொதுமேடைக்கு ஒன்று, ஆலயத்துக்கு வேறொன்று என அவர் இடமறிந்து எழுதினார். திருச்சபையின் போதனையும் இதற்கு மாறானதன்று. நாடக மேடையின் பாணி வழிபாட்டுக்குள் நுழைவதைத் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903இல் தடுத்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, மறைபரப்பு நாடுகளின் மக்களுடைய சொந்த இசை மரபுகளை மதித்து ஏற்கப் பணித்தது. சினிமா மெட்டில் சொற்களை மட்டும் மாற்றித் திருப்பலியில் பாடுவது, என் கணிப்பில், சினிமாப் பாடலை வீட்டில் கேட்பதிலும் பெரிய தவறு.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. வேதநாயகம் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். பஞ்சத்தைத் தீர்க்குமாறு இறைவனிடம் கெஞ்சும் பாடல்களும் அந்நாட்களில் அவரிடமிருந்து பிறந்தன. 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்காக வரிசையில் நின்ற நம் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் கொடையைக் கண்டு உருகிய பாரதியார், சிவனைப் பாடிய தம் வாயால் வேதநாயகத்தைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். இப்பாடலை எந்தப் பக்கத்தில் வைப்பது? திருச்சபைப் பாடல் அன்று. இயற்றியவர் கிறிஸ்தவரும் அல்லர். ஆனால் பசித்தவருக்கு உணவளித்த ஒருவரைப் போற்றும் அப்பாடலைக் கேட்டு ஒரு கிறிஸ்தவர் காதைப் பொத்திக்கொள்வாரா? கலங்கிய சவுல் மன்னனுக்குத் தாவீது யாழ் மீட்டியதை நினைவில் கொள்வோம். மன்னனுக்கு ஆறுதல் தந்தது அந்த இசையே.

நம் மண்ணுக்கும் இது புதிதன்று. முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடப்படுகிறது. வடபுலக் கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் வரலாறுகள் ஆடப்படுகின்றன. இரண்டையும் தாங்குவது நாட்டுக்கூத்து என்ற ஒரே கலைதான்.

வேதநாயகம் 1889 யூலை 21இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய சமரசக் கீர்த்தனைகள் பின்னாளில் கச்சேரி மேடைகளில் இடம்பெற்றன. ரசித்தோரிற் பலர் பாடலாசிரியர் கத்தோலிக்கர் என்பதை அறிந்திருக்கமாட்டார்கள். நம் பாடகர் குழுக்கள் வரும் தவக்காலத்துக்கு முன் அவரது சத்தியவேதக் கீர்த்தனைகளைத் தேடியெடுத்து ஒன்றிரண்டையேனும் பழகலாம். வீட்டுப் பெரியவர்கள் சமரசக் கீர்த்தனை ஒன்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டு, பின்னர் பிள்ளைகள் விரும்பும் பாடலையும் அவர்களோடு கேட்டு, அதன் சொற்கள் எதைச் சொல்கின்றன என்று பேசிப் பார்க்கலாம்.