காலம் கண்ட மதிப்பு

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். நெல்லின் அளவை மரக்கால் காட்டும். அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சியை எதனைக் கொண்டு அளப்பது? அவர் எழுதிய கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்று எண்ணி மதிப்பிடும் முறை இக்காலத்தில் பெருவழக்காய் உள்ளது. இவ்வளவுகோலில் அடங்காத பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கிரெகர் மெண்டல் 1822-ஆம் ஆண்டு, ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த சிற்றூர் ஒன்றில் உழவர் குடியிற் பிறந்தார். வறுமையால் கல்வியைத் தொடர இயலாது வருந்திய அவர், 1843-இல் புரூன் நகரத்துத் துறவியர் மடத்தைச் சேர்ந்தார். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-இல் தோல்வியுற்றார். பின்னர் வியன்னாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1856-இல் மீண்டும் முயன்றார். அப்போதும் தேர்ச்சி எய்தினாரல்லர்.

ஆயினும் அவர் ஊக்கம் குன்றவில்லை. அவ்வாண்டிலேயே மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆராயத் தொடங்கினார். 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் உருண்டை விதைகளே தோன்றின. அடுத்த தலைமுறையிலோ உருண்டை விதைகள் 5,474-உம், சுருங்கிய விதைகள் 1,850-உம் கிடைத்தன. மறைந்த பண்பு அழிந்திலது. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் மீண்டும் வெளிப்பட்டது. மரபுப் பண்புகள் ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டே தலைமுறைதோறும் இறங்குகின்றன என்று அவர் தெளிந்தார்.

இம்முடிபை 1865-இல் அந்நகரத்து இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தில் இருமுறை எடுத்துரைத்தார். மறு ஆண்டில் கட்டுரை அச்சேறியது. அதன் படியொன்றைப் பெற்ற நேகெலி என்னும் புகழ்மிக்க தாவரவியல் அறிஞரும் அதன் சிறப்பை உணர்ந்திலர். அக்கட்டுரையைச் சுட்டி எழுதியோர் மிகச் சிலரே. 1868-இல் மடத்தின் தலைவரான மெண்டல், பணிச்சுமையால் ஆராய்ச்சியைத் தொடர இயலாதவராகி, 1884-இல் மறைந்தார்.

1900-ஆம் ஆண்டில் டீ விரீஸ், காரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் தனித்தனியே ஒத்த முடிபுகளை வெளியிட்டனர். மெண்டலின் கட்டுரையையும் உலகிற்கு நினைவூட்டினர். இன்று மரபியலின் தந்தை என அவரை உலகம் போற்றுகின்றது.

கட்டுரையின் ஓரெழுத்தேனும் மாறிற்றிலது. மாறியது அதனைக் கற்றோரின் அறிவே. எண்ணுதல் குற்றமன்று, மெண்டலும் விதைகளை எண்ணியே உண்மை கண்டார். ஆனால், அவர் எண்ணியதோடு நில்லாது, அவ்வெண்ணின் பொருளையும் ஆராய்ந்தார். பிறர் உழைப்பை மதிப்பிடப் புகுவோரும் தொகையை மட்டும் நோக்காது, அதன் உட்பொருளைக் கற்றுணர்ந்து மதிப்பிடுதலே அறமாகும்.