மரியன் ஆண்டர்சன்: ஒரு திருச்சபை வளர்த்த குரல்

மரியன் ஆண்டர்சன் என்றதும் 1939 ஏப்ரல் 9ஆம் நாளே நம் நினைவுக்கு வருகிறது. கறுப்பினப் பெண் என்பதால் வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கம் அவருக்கு மறுக்கப்பட்டது. லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று ஏறத்தாழ 75,000 பேர் முன்னிலையில் அவர் பாடினார். அந்த நாளை நாம் கொண்டாடுகிறோம். அதுவரை அவரை இசைக் கல்வியில் நிலைத்திருக்கச் செய்தது எது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

1897இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர் மரியன். தந்தை பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றுக் குடும்பத்தைக் காத்தார். ஆறு வயதிலேயே யூனியன் பாப்டிஸ்ட் திருச்சபையின் இளையோர் பாடகர் குழுவில் மரியன் இடம்பெற்றார். வீட்டிற்குப் பியானோ வந்தது, ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை, தாமாகவே பழகினார். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்தார். ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்த தாய், பிறர் துணிகளை வெளுத்தும் தரை துடைத்தும் மூன்று பெண்மக்களை வளர்த்தார். மரியனின் உயர்நிலைப் படிப்பு தள்ளிப்போனது.

நகரின் இசைப் பள்ளி ஒன்றில் விண்ணப்பம் கேட்டு வரிசையில் நின்றார். மற்றவர்களையெல்லாம் கவனித்து முடித்த பின்னரே, கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் பாடிக் காட்டக்கூட வாய்ப்பளிக்கப்படவில்லை. திறமையை அளந்து பார்த்து நிராகரிப்பது வேறு. பிறப்பைப் பார்த்து வாசலிலேயே நிறுத்துவது வேறு. இரண்டாவதன் வலியை நாம் நன்கறிவோம்.

அப்போது அவரைத் தாங்கியது அவருடைய சமூகம். உழைத்து வாழ்ந்த எளிய மக்கள், திருச்சபையில் சிறுகச் சிறுகக் காசு சேர்த்து அவருடைய பள்ளிக் கல்விக்கும் குரல் பயிற்சிக்கும் வழிசெய்தனர். 1921இல், தம் 24ஆம் வயதில், மரியன் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்.

தடைகள் அத்துடன் ஓயவில்லை. 1924இல் நியூயார்க் டவுன் ஹாலில் அவர் நடத்திய கச்சேரிக்குக் கூட்டம் வரவில்லை. விமர்சகர்கள் அவருடைய ஜெர்மன் உச்சரிப்பைக் குறை கூறினர். மனமுடைந்து பாடுவதையே சில காலம் நிறுத்தினார். உண்மையில் அது குரலின் குறையன்று. அவருக்கு எட்டாமலிருந்த பயிற்சியின் குறை. அவர் மீண்டெழுந்தார். 1925இல் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்ட போட்டியில் வென்று நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் பாடினார். பின்னர் உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்று, விமர்சகர்கள் குறை கூறிய அந்த மொழியையே முறையாகக் கற்றார். 1955இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாத்திரமேற்றுப் பாடிய முதல் கறுப்பினத்தவரானார்.

1941இல் ஃபிலடெல்ஃபியாவில் அவருக்கு 10,000 டாலர் பரிசு வழங்கப்பட்டது. அத்தொகையைக் கொண்டு இளம் பாடகர்களுக்கான உதவித்தொகை ஒன்றை அவர் நிறுவினார். திருச்சபை மக்கள் தமக்குச் செய்ததை அடுத்த தலைமுறைக்குத் திருப்பிச் செலுத்தினார் என்றே நாம் இதைக் கருதுகிறோம்.

விடாமுயற்சியைத் தனிமனிதப் பண்பாகப் போற்றுவது எளிது. அவ்வாறு போற்றும்போது, இடையில் படிப்பை விட்ட மாணவர்களை மனவுறுதியற்றவர்கள் என்று பழிக்கவும் நேர்கிறது. மரியனின் வாழ்வு அதை மறுக்கிறது. கட்டணம், ஆசிரியர், தோற்ற நாளில் துணை நிற்கும் மக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு மாணவியின் உறுதி உருவானது. நம் பிள்ளைகளில் ஒருவர் கலைக் கல்வியைக் கைவிடும்போது, அவருக்கு ஏன் ஆர்வம் குறைந்தது என்று கேட்பதற்கு முன், அவருக்காக நாம் என்ன சேர்த்து வைத்தோம் என்று கேட்டுக்கொள்வோம்.